நிர்மாண வேலையும் அதன் பொறுப்பாளரும்

(உறையூரில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நிர்மாண வேலைகளைப் பற்றிப் பேசுவதற்கு உறையூரைக் காட்டிலும் தகுந்த இடம் கிடைப்பது அரிது. இது சோழர்களின் பழைய தலைநகரம். இங்கிருந்து கிழக்கே சென்றால் கல்லணை. மேற்கே சென்றால் முக்கொம்பு மேலணை. வடக்கே காவிரியைக் கடந்தால் திருவரங்கத்து இராஜகோபுரம். இராஜராஜ சோழன் காலத்தது என்று சொல்லப்படும் உய்யக்கொண்டான் வாய்க்கால் இந்நகரை ஊடறுத்துக்கொண்டு இன்றும் ஓடுகிறது.

இவற்றைச் செய்தவர் யார் என்று கேட்டால் மன்னரின் பெயரைச் சொல்லுகிறோம். கல்லும் மண்ணும் சுமந்த மக்களையும் நன்றியுடன் நினைக்கிறோம். ஆனால் இவ்விரு சாராருக்கும் இடையே வேறொருவரும் இருந்திருக்க வேண்டும். எந்தக் கல் எந்த நாளில் எந்த இடத்துக்கு வந்து சேரவேண்டும், எத்தனை ஆட்கள் வேண்டும், அவர்களுக்குக் கூலி எப்போது தரவேண்டும், வெள்ளம் வருமுன் எதுவரை முடிக்கவேண்டும் என்று கணக்கிட்டவர் அவர். அவருடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

இக்காலத்தில் அவரைப் 'பிராஜெக்ட் மானேஜர்' என்று அழைக்கிறார்கள். தமிழில் நிர்மாணப் பொறுப்பாளர் என்று சொல்லலாம். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே தனிப் பதவியும் சம்பளமும் உண்டு. நம்முடைய கிராமங்களில் அப்பெயர் தாங்கியவர் ஒருவரும் இல்லை. ஆயினும் அவர் செய்யவேண்டிய வேலை ஒவ்வொரு சிறு பாலத்திலும், பள்ளிக்கூடக் கட்டிடத்திலும், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலும் இருக்கிறது.

பல கையும் ஒரு பொறுப்பும்

நம் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் கிடைக்கின்றன. டெண்டர் விடப்படுகிறது. காண்டிராக்டர் வேலை உத்தரவு பெறுகிறார். ஓவர்சீயர் அளந்து அளவுப் புத்தகத்தில் பதிகிறார். பஞ்சாயத்துத் தலைவர் அடிக்கல் நாட்டுகிறார். அலுவலகம் பணம் கொடுக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. எல்லாப் பங்குகளையும் சேர்த்துப் பார்க்கும் கண் எது என்பதுதான் கேள்வி.

ஓர் ஊரில் கிளை வாய்க்காலின் குறுக்கே குழாய்ப் பாலம் ஒன்று கட்டத் தொடங்கினார்கள். சித்திரை மாதத்தில் வாய்க்கால் தோண்டப்பட்டது. குழாய்கள் வரவில்லை. மதிப்பீட்டில் பிழை இல்லை. டெண்டர் ஒழுங்காகவே நடந்திருந்தது. காண்டிராக்டரும் கெட்டவர் அல்லர். குழாய்கள் எந்தத் தேதியில் வந்திறங்கும் என்று கேட்கும் கடமை மட்டும் ஒருவருடையதாகவும் இருக்கவில்லை. தண்ணீர் திறந்துவிட்டார்கள். தோண்டிய மண் மேடாகக் கிடந்ததால், அதற்குக் கீழே இருந்த கடைமடை வயல்களுக்கு நீர் ஏறவில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றிப்போயிற்று. அவ்வூரில் யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. இருந்தும் ஏழைக் குடியானவர்கள் ஒரு போகத்தை இழந்தார்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறது. திருவரங்கத்தின் தெற்குக் கோபுரம் பல நூற்றாண்டுகள் அடிப்பகுதியோடு நின்றுபோய், மொட்டைக் கோபுரம் என்றே பெயர் பெற்றிருந்தது. 1979-ஆம் ஆண்டில் அகோபில மடத்தின் 44-வது ஜீயர் அதனை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றார். நன்கொடை தந்தவர்கள் பலர். சிற்பிகளும் தொழிலாளரும் பலர். பொறுப்பு ஒருவரிடம் இருந்தது. எட்டே ஆண்டுகளில், 1987 மார்ச் 25-ஆம் நாளில், 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட இராஜகோபுரமாக அது நிறைவெய்தியது. காலங்காலமாக நின்றுபோன வேலையும், 'இது என் பொறுப்பு' என்று ஒருவர் முன்வந்தால் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே பஞ்சாயத்து எந்த வேலையை எடுத்துக்கொண்டாலும் முதல் தீர்மானம் இதுவாக இருக்கட்டும்: இவ்வேலையை ஆரம்பம் முதல் முடிவு வரை தொடர்ந்து கவனிப்பவர் இன்னார். அவர் பொறியாளராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. எழுதப்படிக்கத் தெரிந்தவராகவும், நாள்தோறும் வேலைத்தலத்துக்குப் போகக்கூடியவராகவும், கேள்வி கேட்கக் கூச்சப்படாதவராகவும் இருந்தால் போதும். அவர் செய்யவேண்டியவை நான்கு.

முதலாவது: பின்னிருந்து முன்னே எண்ணுதல்

விவசாயிகளுக்கு இது புதிய வித்தையன்று. நாற்றங்கால் விடும் அன்றே, நாற்று பறிக்கும் நாளில் வயல் உழுது சேறாகி இருக்கவேண்டும் என்று கணக்குப் போடுகிறீர்கள். நாற்று வளரும் நாட்களில் வரப்பு வெட்டுகிறீர்கள், எரு அடிக்கிறீர்கள், நடவு ஆட்களுக்குச் சொல்லி வைக்கிறீர்கள். ஒன்று முடிந்தபின் ஒன்று என்று காத்திருப்பதில்லை. எந்த வேலை பிந்தினால் எல்லாம் பிந்துமோ அதன்மேல் கண் வைத்திருக்கிறீர்கள்.

மேனாட்டார் இதையே சாஸ்திரமாக எழுதியிருக்கிறார்கள். ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை வரைந்து நாட்களைக் குறிக்கும் படத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1957-ஆம் ஆண்டை ஒட்டி அந்நாட்டின் துபான் நிறுவனத்தில், எந்தத் தொடர் வேலை பிந்தினால் முழு வேலையும் பிந்தும் என்று கண்டுபிடிக்கும் கணக்குமுறை உருவாயிற்று. பெயர்கள் புதியவை, நாற்றங்கால் கணக்கு பழையதே.

நம் பகுதியில் இக்கணக்குக்கு இயற்கையான எல்லை ஒன்று உண்டு. மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி பாசனத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள். ஜனவரி 28-ஆம் தேதி நிறுத்துகிறார்கள். இருப்பு நீரைப் பொறுத்தும், வாய்க்காலுக்கு வாய்க்காலும் இந்நாட்கள் முன்பின் ஆகலாம். எப்படியும் வாய்க்காலில் கை வைக்கும் வேலைக்கு நமக்குக் கிடைப்பது சுமார் நாலரை மாதமே.

கான்கிரீட்டு மேல்தளமுள்ள சிறு பாலம் ஒன்று கட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 12-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வேலைத்தலத்தைச் சுத்தம் செய்து, இருபுறமும் மண் அணைக்க ஒரு வாரம். மேல்தளம் வார்த்தபின் நீர் கட்டி வைக்கவும் முட்டுகளைப் பிரிக்கவும் இரண்டு வாரம். அதற்குமுன் பலகை அடித்துக் கம்பி கட்டி வார்க்க ஒரு வாரம். பக்கச் சுவர்களுக்கு மூன்று வாரம். அடித்தளத்துக்கு இரண்டு வாரம். தோண்டுவதற்கு ஒரு வாரம். ஆகப் பத்து வாரம். ஆள் வராத நாளும், லாரி வராத நாளும், கோடை மழையும் உண்டாகையால் மேலும் மூன்று வாரம் ஒதுக்குவது விவேகம். பதின்மூன்று வாரம் என்றால் மார்ச் இரண்டாம் வாரத்தில் மண்வெட்டி மண்ணில் விழவேண்டும். அப்படியானால் தை மாதத்துக்குள் டெண்டர் முடிந்திருக்க வேண்டும். மதிப்பீடு அதற்கும் முன்பே தயாராக வேண்டும். சித்திரையில் வாய்க்கால் தோண்டியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் தோண்டியிருக்கவே மாட்டார்கள்.

இரண்டாவது: மறையும் முன் பார்த்தல்

கட்டிடத்தில் எது முக்கியமோ அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அடித்தளம் மண்ணுக்குள் போய்விடும். கம்பி கான்கிரீட்டுக்குள் போய்விடும். குழாய் இணைப்பு தரைக்குள் போய்விடும். எஞ்சி நிற்பது பூச்சும் வர்ணமுமே. திறப்பு விழாவில் நாம் பார்ப்பது அதைத்தான்.

ஆழம் காணாத ஆற்று மணலில் எப்படி அஸ்திவாரம் நிலைநிறுத்துவது என்பதைக் கல்லணையைக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள். பெரும் பாறைகளை மணலில் இறங்கவிட்டு, அவை இறங்கி நிலைத்தபின் மேலே கட்டுவது அவர்கள் முறை. ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். மணலில் அடித்தளம் இடும் வித்தையை இந்நாட்டுப் பழைய கட்டுமானத்திலிருந்தே கற்றதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பார்வைக்குத் தெரியும் கல்லை எவரும் புகழ்வர். அவர் படித்தது மறைந்து கிடந்த கல்லை.

ஆகவே பொறுப்பாளர் ஒரு விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். எந்தப் பகுதியை மூடப்போகிறார்களோ, அதைப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே மூடவேண்டும். குழி தோண்டி முடிந்ததும் ஒருமுறை. கம்பி கட்டி முடிந்ததும் ஒருமுறை. குழாய் பதித்ததும் ஒருமுறை. அந்நாளிலேயே ஒரு படமும் எடுத்து வைக்கலாம். இக்காலத்தில் கைப்பேசி இல்லாத வீடு அரிது.

பஞ்சாயத்து அங்கத்தினர் தாமே பார்க்கக்கூடிய சில அளவுகளையும் சொல்லுகிறேன். கம்பி தரையிலோ பலகையிலோ படிந்து கிடக்கக் கூடாது. அடியில் சிறு கட்டைகள் வைத்துத் தூக்கி இருக்கவேண்டும். சாதாரணமாக அடித்தளத்தில் 50 மில்லிமீட்டர், தூணில் 40, கூரைத்தளத்தில் 20 மில்லிமீட்டர் கனமாவது கம்பிக்கு வெளியே கான்கிரீட்டு மூடி நிற்கவேண்டும். அது குறைந்தால் ஈரம் புகும். கம்பி துருப்பிடித்துப் பருக்கும். சில ஆண்டுகளில் கூரை உதிரும்.

சாதாரணக் கூரைக் கான்கிரீட்டுக்கு ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்பது பழகிய விகிதம். இதற்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. மணலிலும் ஜல்லியிலும் உள்ள ஈரமும் இதில் அடக்கம். கலவை இளகி ஓடினால் ஆட்களுக்கு வேலை எளிது. கட்டிடத்துக்கு ஆயுள் குறைவு. சிமெண்டு மூட்டைகளைச் சுவரிலிருந்து விலக்கி, பலகையின்மேல், பத்து மூட்டை உயரத்துக்கு மேற்படாமல் அடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டைச் சோதிக்காமல் உபயோகிக்கலாகாது.

வார்த்த மறுநாளே எல்லாரும் கைகழுவிப் போய்விடுகிறார்கள். கான்கிரீட்டு இறுகுவது அப்போதுதான் தொடங்குகிறது. குறைந்தது 7 நாட்களும், சாம்பல் கலந்த சிமெண்டானால் 10 நாட்களும், திருச்சி வெயிலில் இரண்டு வாரமும் ஈரம் காயாமல் காக்கவேண்டும். தண்ணீர் ஊற்ற ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். 'யாராவது ஊற்றுவார்கள்' என்றால் ஒருவரும் ஊற்றமாட்டார்கள். வார்க்கும் அன்று எடுத்த கனசதுர மாதிரிகளை 28-ஆம் நாளில் நசுக்கிப் பார்த்த முடிவைப் பஞ்சாயத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது: எழுதி வைத்தல்

வேலைத்தலத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கவேண்டும். தேதி, வானிலை, வந்த ஆட்களின் எண்ணிக்கை, இறங்கிய சாமான்கள், நடந்த வேலை, பொறியாளர் சொன்ன கட்டளை ஆகியவற்றை அன்றன்று மாலை எழுதவேண்டும். பத்து நிமிஷ வேலை. பிற்பாடு தகராறு வந்தால் நூறு பேருடைய ஞாபகத்தைவிட இந்நோட்டுப் புத்தகம் உதவும்.

பணமும் எழுத்தோடு சேர்ந்தது. நடந்த வேலையை அளந்து, அளவுப் புத்தகத்தில் பதிந்த பின்னரே பட்டியல் தொகை தரவேண்டும். நடக்காத வேலைக்குப் பணம் கொடுப்பது குற்றம். இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: நடந்த வேலைக்குப் பணத்தை நிறுத்தி வைப்பதும் தவறுதான். காண்டிராக்டர் நம் விரோதி அல்லர். பட்டியல் மாதக்கணக்கில் தங்கினால் அவர் வட்டிக்குக் கடன் வாங்குகிறார். அந்த வட்டியை எங்கிருந்து ஈடு செய்வார்? சிமெண்டிலிருந்தும் கம்பியிலிருந்தும்தான். நல்ல வேலை வேண்டுமென்று விரும்பும் பஞ்சாயத்து, கண்டிப்பாக அளக்கவும் வேண்டும். காலதாமதமின்றிக் கொடுக்கவும் வேண்டும்.

வேலையின் நடுவே திட்டத்தை மாற்றும் ஆசை பல ஊர்களில் உண்டு. 'இன்னும் ஒரு அறை சேர்த்துக்கொள்ளலாம்', 'பாலத்தைப் பத்தடி தள்ளிப் போடலாம்' என்பார்கள். மாறுதல் தேவையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு எவ்வளவு பணம், எத்தனை நாள், யார் ஒப்புதல் என்ற மூன்றையும் எழுத்தில் பெறாமல் ஒரு செங்கல்லும் நகரக் கூடாது.

நான்காவது: மனிதர்களை ஒருங்கே நடத்துதல்

கொத்தனார் ஒருவருக்கு எஜமானர் ஐவர் இருந்தால் சுவர் நேராக எழும்பாது. தலைவர் ஒன்று சொல்ல, அங்கத்தினர் ஒன்று சொல்ல, ஓவர்சீயர் வேறொன்று சொன்னால் அவர் யார் சொல்லைக் கேட்பார்? பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்குக் கேட்கும் உரிமை முழுதும் உண்டு. கட்டளை மட்டும் ஒரே வாய்வழியே செல்லட்டும். வாரம் ஒருநாள், குறித்த நேரத்தில், பொறியாளரும் காண்டிராக்டரும் மேஸ்திரியும் பொறுப்பாளரும் வேலைத்தலத்திலேயே கூடி, சென்ற வாரம் சொன்னதில் நடந்தது என்ன, வரும் வாரத்துக்கு வேண்டியது என்ன என்று பேசினால், பாதி மனத்தாங்கல்கள் முளைக்கவே மாட்டா.

வேலை செய்பவர்களின் உயிர் நம் கையில் இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழியின் கரைகளுக்குப் பலகையால் முட்டுக் கொடுக்கவேண்டும், அல்லது கரையைச் சரித்து வெட்டவேண்டும். வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிப்பது ஆபத்து. இரவில் குழியைச் சுற்றித் தடுப்பும் விளக்கும் வேண்டும். தொழிலாளர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லையெனில் பதிய உதவுவது பஞ்சாயத்துக்குப் பெருமை தரும் காரியம்.

ஊராரையும் கணக்கில் சேர்க்கவேண்டும். திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் இடையே 1976-இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தைப் பழுதுபார்ப்பதற்காக 2022 செப்டம்பரில் மூடினார்கள். 2023 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். இடையில் வண்டிகள் மாற்று வழியில் திருப்பி விடப்பட்டன. சிரமம் இருந்தது, எனினும் எந்த வழியில் போகவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டதால் மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். நம் ஊர்ச் சாலையைத் தோண்டும்போதும் அறுவடை வண்டி எவ்வழி போகும், பள்ளிப் பிள்ளைகள் எவ்வழி நடப்பர் என்பதை முன்பே தண்டோராப் போட்டுச் சொல்லிவிடவேண்டும்.

முடிந்தபின் தொடங்கும் வேலை

திறப்பு விழாவோடு பொறுப்பு தீர்ந்துவிடுகிறதா? மேலணையின் சரித்திரம் அதற்கு விடை கூறும். அணை கட்டியபின் காவிரியில் வேண்டியதற்கு அதிகமாக நீர் புகலாயிற்று. பொறியாளர்கள் அதனைக் கவனித்து, அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவேண்டி வந்தது. கட்டியதைக் கண்காணித்ததால் பிழை திருந்தியது. அவ்வணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்ட் 22-ஆம் நாள் இரவு வெள்ளத்தில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. நூற்றெண்பது ஆண்டுகள் உழைத்த கட்டுமானமும், என்றும் கண்காணிப்பு வேண்டாதது அன்று.

உய்யக்கொண்டான் வாய்க்கால் ஆயிரம் ஆண்டுகளாக ஓடுவதற்கு அதை வெட்டியவர்கள் மட்டும் காரணரல்லர். தூர் வாரிய கைகளும் காரணம். குடிமராமத்து என்று நம் முன்னோர் வைத்த பெயரில் குடி முதலில் நிற்கிறது. ஆகையால் வேலை முடிந்து ஒப்படைக்கும் நாளில், வரைபடம், நோட்டுப் புத்தகம், சோதனை முடிவுகள், படங்கள் ஆகிய அனைத்தையும் பஞ்சாயத்து அலுவலகத்தில் பத்திரப்படுத்துங்கள். பிணைத்தொகையைத் திருப்பித் தருமுன், ஒரு மழைக்காலம் கண்ட கட்டிடத்தை மறுபடி ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தொட்டியை எப்போது கழுவினோம், மதகுக் கதவுக்கு எப்போது எண்ணெய் இட்டோம் என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

நண்பர்களே! அடுத்த கிராம சபையில் ஏதேனும் ஒரு வேலை பேச்சுக்கு வரும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். இதற்குப் பொறுப்பாளர் யார்? எந்த நாளில் முடியவேண்டும், அதிலிருந்து பின்னோக்கி எண்ணினீர்களா? மூடும் முன் பார்த்துக் கையெழுத்திட்டவர் யார்? நோட்டுப் புத்தகம் எங்கே? முடிந்தபின் பராமரிப்பவர் யார்? இவ்வைந்துக்கும் விடை கிடைத்தபின் அடிக்கல் நாட்டினால் போதும். மாலையும் மேளமும் சில நாள் காத்திருக்கட்டும். அரசாங்கம் அளிக்கும் பணம் உங்கள் வரிப்பணம். அது மண்ணுக்குள் மறையும் இடத்தில் உங்கள் கண் இருக்கவேண்டும்.